துண்டுக்குள் மூன்று விரல்

ஓடைக்கரை மாட்டுச் சந்தையில் குருவைவிடச் சீடனுக்குப் பதினைந்து வயது அதிகம்.

குருவின் பெயர் சென்னியப்பன். தரகர். நாற்பது இன்னும் ஆகவில்லை. கோபக்காரர்.

சீடனின் பெயர் பொங்கியண்ணன். எண்ணெய் மில் வைத்திருந்தவர். மில்லின் பெல்ட்டில் சிக்கி வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. கொஞ்ச நாளில் மில்லும் போனது. அதற்குப் பிறகு தொழில் கற்கச் சென்னியப்பனிடம் வந்தார்.

குரு சீடனை "அண்ணா" என்பார். சீடன் குருவை "ஐயா" என்பார். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் சந்தையில் கிடையாது. இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே நின்று வலது கையை நீட்டுவார்கள். கைகள்மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள்ளே ஒருவர் மற்றவரின் விரலைப் பிடித்து விலை சொல்லுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. விரலில் பாதியைப் பிடித்தால் அரை. கணக்கு ஆயிரத்திலா பத்தாயிரத்திலா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். வாய் அந்த நேரத்தில் மழையைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்.

பொங்கியண்ணனுக்கு இங்கேதான் சிக்கல். அவர் கையில் இருப்பது மூன்று விரல். நான்கு கொடுக்க நினைத்து வருகிற வியாபாரிக்குக்கூட அவர் கையில் பிடிக்க நான்காவது விரல் இல்லை. வியாபாரி இதை விடுவானா? இருக்கிற மூன்றையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல பிடிக்க உங்க கையில ஒண்ணுமில்லீங்களே" என்று சிரிப்பான். பொங்கியண்ணன் கையை இழுத்துக்கொள்வார். பிறகு சென்னியப்பன் வந்து துண்டைப் போட்டு முடித்துவைப்பார்.

பல் பார்க்க, சுழி பார்க்க, நடை பார்க்க எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார் பொங்கியண்ணன். விற்க மட்டும் வரவில்லை.

அன்று காலை சென்னியப்பன் ஒரு மயிலைக் காளை ஜோடியைக் காட்டினார்.

"அண்ணா, இது பாவாயி அக்கா ஜோடி. இன்னிக்கு நீங்கதான் விக்கறீங்க. நான் துண்டு போட வரமாட்டேன்."

"ஐயா, நானுங்களா?"

"நீங்கதான். சந்தை கலையறதுக்குள்ள வித்தா அடுத்த வாரத்துலருந்து உங்களுக்குத் தனி இடம். நீங்களும் தரகர். விக்கலீன்னா உங்க மருமகன் சொன்ன வாட்ச்மேன் வேலைக்கே போயிருங்க. திருப்பூர் பஸ்ஸு சாயங்காலம் இருக்குது."

மருமகன் வீட்டுச் சாப்பாடும், பனியன் கம்பெனி கேட்டில் ஒரு ஸ்டூலும் பொங்கியண்ணன் கண்முன் வந்து நின்றன.

காளைகளுக்குச் சொந்தக்காரி பாவாயி பக்கத்தில்தான் இருந்தாள். மடியில் கடலை. உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங் தம்பி, பள்ளிக்கூடம் நடத்த என்ற மாடுதான் கெடச்சுதுங்களா?"

"விலை பிடிக்கலீன்னா கயிறைக் குடுக்காதீங்கக்கா. மாடு உங்களுதுதானே."

"மாடு என்றதுதான். போன சந்தைக்கு ஓட்டியாந்து திருப்பி ஓட்டிட்டுப் போனேன். இன்னிக்கும் திருப்பி ஓட்டுனா மாடே என்னையப் பார்த்துச் சிரிக்கும்."

மாதப்பா வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் கொள்ளேகாலத்திலிருந்து லாரியோடு வருகிற வியாபாரி. ஜோடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திமிலைத் தட்டினார். பல்லைப் பார்த்தார். நடக்கவிடச் சொல்லிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

"கை குடுங்க யஜமானரே."

பொங்கியண்ணன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். யோசித்தபோது அவருக்கே தன் புத்தியை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது. துண்டு விழுந்ததும் கையை உள்ளே நீட்டினார்.

மாதப்பாவின் விரல்கள் உள்ளே தடவின. நின்றன. மறுபடியும் தடவின. கட்டைவிரல் இருக்க வேண்டிய பக்கத்தில் சுண்டு விரல் இருந்தது.

துண்டைச் சுருட்டி எறிந்தார் மாதப்பா.

"இடது கையா! பணம் குடுத்து மாடு வாங்க வந்தவன் நான். என்னை என்னன்னு நினைச்சீங்க?"

"இல்லீங்க, அதுல அஞ்சும்…"

"எதுல என்ன அஞ்சு?"

மாதப்பா துண்டைப் பொறுக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

பாவாயி எழுந்து நின்றாள். மடியிலிருந்த கடலைத் தோல் எல்லாம் கொட்டியது.

"கழுவற கையைக் குடுத்து என்ற மாட்டை விக்கறீங்களா? ஏனுங்ணா, உங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

"மூணு விரலு இருக்கிற கையில அவரு மூணுதானே பிடிப்பாரு. இந்தக் கையில அஞ்சும் முழுசா இருக்குதே, அஞ்சும் பிடிக்கட்டும்னு…"

பாவாயி அவரையே பார்த்தாள். பிறகு மாட்டைப் பார்த்தாள். "கேட்டுதா சாமி?" என்று மாட்டிடம் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

செய்தி சென்னியப்பனிடம் பொங்கியண்ணனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. வேப்பமரத்தின் கீழே இடுப்பில் கை வைத்து நின்றார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"வாங்கண்ணா. அடுத்து என்ன குடுக்கப் போறீங்க? மூக்கையா?"

"திட்டுங்க ஐயா. திட்டுனது போக ஒண்ணு கேக்கறனுங்க."

"கேளுங்க."

"மூணு விரலை வச்சுக்கிட்டு அஞ்சு விலைக்கு எப்படிங்க விக்கறது?"

சென்னியப்பன் நேராகப் பாவாயியிடம் போனார். அவள் மடியிலிருந்து ஒரே ஒரு கடலையை எடுத்தார்.

"பசிக்குதுங்களா தம்பி? இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க."

"சித்தே சும்மா இருங்கக்கா."

சென்னியப்பனின் செவலைப் பசுவுக்கு ஒரு பால்காரர் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவரைக் கூப்பிட்டார். துண்டைப் போட்டார். பொங்கியண்ணன் ஓரமாக நின்று பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது? துண்டுதான்.

"பொண்ணு கல்யாணம் எப்பங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"தை பொறந்ததுமுங்க."

"மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"பெங்களூருல கம்பெனியில… அட, இருங்க… கம்பெனியில இருக்கறாரு."

"நல்ல கம்பெனியா?"

"நல்ல… ஐயோ… நல்ல கம்பெனிதானுங்க. இவ்வளவு அமுக்கினா எப்படிங்க?"

"பொண்ணு சந்தோஷமா இருக்கட்டும். பால் சொசைட்டிக்கு ஊத்தறீங்களா, வீட்டுக்கு வீடா?"

"வீட்டுக்கு வீடுதான்… சரிங்க. விடுங்க. சரிங்கறேன்ல!"

துண்டு விலகியது. பால்காரர் கையை உதறிக்கொண்டே பசுவின் கயிற்றை வாங்கினார். "உங்ககூடத் துண்டு போட்டா வீட்டுக்குப் போயி விரலை எண்ணித்தான் பார்க்கணும்" என்று சிரித்தபடி பசுவை ஓட்டிப் போனார்.

சென்னியப்பன் வலது கையைப் பொங்கியண்ணன் முன்னால் நீட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. மெல்ல விரித்தார். உள்ளே கடலை. ஓடுகூட நசுங்கவில்லை.

பொங்கியண்ணன் கடலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"மூணு விரல்லயேவா முடிச்சீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க."

"அதெப்படிங்க? அவரு உங்களுக்கு விலை சொல்லணும்னா, பிடிக்க உங்ககிட்டயும் மூணுதானே இருந்துது?"

"அவரை யாரு சொல்ல விட்டா?"

பொங்கியண்ணன் தன் மூன்று விரலையும் விரித்தார். மூடினார்.

"இன்னும் என்னங்கண்ணா பார்த்துட்டு நிக்கறீங்க? அங்க பாருங்க, பாதிப் பேரு வண்டி ஏத்தறாங்க. போங்க!"

பொங்கியண்ணன் கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தார்.

டீக்கடை பெஞ்சில் மாதப்பா உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு மூன்று வியாபாரிகள். பொங்கியண்ணன் வருவதைப் பார்த்ததும் ஒருவன் மாதப்பாவை முழங்கையால் இடித்தான்.

"மறுபடியும் வந்துட்டீங்களா யஜமானரே?" என்றார் மாதப்பா. "இந்தத் தடவை காலை நீட்டப் போறீங்களா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"தப்பு என்றதுதானுங்க" என்றார் பொங்கியண்ணன். வலது கையை நீட்டினார். துண்டு இல்லாமல், வெயிலில், எல்லார் கண்முன்னாலும் நீட்டினார்.

சிரிப்பு நின்றது. மாதப்பா அந்தக் கையையே பார்த்தார்.

"ரெண்டும் எங்க போச்சு?"

"மில்லு பெல்ட்டுலங்க."

"இதை மறைக்கத்தான் அதைக் குடுத்தீங்களா?"

"அதுவும்தானுங்க. அதுல அஞ்சு இருக்குதே, நீங்க அஞ்சும் பிடிப்பீங்கன்னும் நினைச்சேன்."

மாதப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார்.

"நல்ல ஆளுய்யா நீங்க! உட்காருங்க. ஒரு டீ குடிங்க. பொறவு பேசலாம்."

"டீ பொறவு குடிக்கலாமுங்க. எந்திரிங்க."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது பொங்கியண்ணனுக்கே கேட்டது. மாதப்பா புருவத்தைத் தூக்கினார். ஆனால் எழுந்தார். பொங்கியண்ணன் தன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைகள்மேல் போட்டார். அந்தச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து அவர் துண்டை அவரே போட்டது இதுதான் முதல் தடவை.

உள்ளே மாதப்பாவின் கை முந்தியது. மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்து ஓர் அமுக்கு.

"அவ்வளவுதான் யஜமானரே. இதுக்கு மேல பிடிக்க நான் எங்க போறது?"

"உங்க ஊருப் பக்கம் மழை எப்படிங்க?" என்றார் பொங்கியண்ணன்.

மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினார். இப்போது மாதப்பாவின் கை அவர் கைக்குள் இருந்தது. ஐந்து விரலும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மூன்றையும் வளையம் போலப் போட்டு ஐந்தையும் வளைத்துப் பிடித்தார்.

"மழையா?" மாதப்பாவின் குரல் கொஞ்சம் ஏறியது. "என்ன யஜமானரே, பிடி இவ்வளவு பெரிசா இருக்குது!"

"மழையைத்தானுங்க கேட்டேன்."

"பரவாயில்லை. ஓரளவு பெஞ்சுது."

உள்ளே மாதப்பா கையை உருவப் பார்த்தார். கட்டைவிரல் தப்பியது. பொங்கியண்ணன் அதைத் தேடிப் பிடித்து மறுபடி உள்ளே சேர்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் டீயை மறந்து துண்டையே பார்த்தார்கள்.

"நான் வேற ஜோடி பார்த்துக்கறேன்."

"பாருங்க. போயிட்டு வாங்க."

"எப்படிப் போறது? கையை நீங்கதானே பிடிச்சிருக்கீங்க!"

"ஆமாங்க."

ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். மாதப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தார்.

"இது நியாயமில்லை. இந்த விலைக்கு நான் எங்க ஊருல நாலு ஜோடி பிடிப்பேன்."

"பிடிப்பீங்க. அந்த நாலு ஜோடியையும் மலை ஏத்திப் பாருங்க. பாதியில முட்டி போட்டுக்கும். இந்த வலத்து மாடு ஏத்தம் முடிஞ்சுதான் மூச்சு விடும். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்றேன்?"

"எனக்கு என்ன தெரியும்?"

"காலையில நடக்க விட்டுப் பார்த்தீங்களே. மூணாவது எட்டு வைக்கறப்பவே உங்க டிரைவரைப் பார்த்தீங்க. அவரு போயி மாடு ஏத்தற லாரிப் பலகையை எறக்கிட்டாரு. இன்னும் எறங்கித்தான் கெடக்குது. வேற ஜோடி பார்க்கறவரு எதுக்குங்க பலகையை எறக்கி வச்சிருக்கீங்க?"

மாதப்பா லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பலகை இறங்கித்தான் கிடந்தது. டிரைவர் அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பயலை…" என்றார் மாதப்பா.

உள்ளே இழுப்பு குறைந்தது. கட்டைவிரலும் அதற்கடுத்த மூன்றும் பொங்கியண்ணன் பிடியில் அசையாமல் நின்றன. சுண்டு விரல் மட்டும் மெதுவாக நழுவப் பார்த்தது. பொங்கியண்ணன் அதை நழுவ விட்டார். பாதி வரைக்கும்தான். பாதியில் கணுவைப் பிடித்து நிறுத்தினார்.

மாதப்பா இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"மூணு விரல்காரருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது."

"உங்க பொழப்பு நடக்கணும். என்ற பொழப்பும் நடக்கணும். பாதியை விட்டுட்டேன். மீதியை விடமாட்டேன்."

மாதப்பா அவர் கண்ணைப் பார்த்தார். பொங்கியண்ணன் பார்வையை எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"சரி" என்றார் மாதப்பா. "கயிறை மாத்துங்க. இப்பவாவது டீ குடிப்பீங்களா?"

"இப்பக் குடிக்கறனுங்க. ரெண்டு டீ போடுங்க. அவரு கணக்குல."

ஜோடி கட்டியிருந்த இடத்துக்கு இருவரும் வந்தார்கள். பொங்கியண்ணன் குனிந்து பாவாயியின் காதில் விலையைச் சொன்னார். உரித்த கடலை அவள் வாய்க்குப் போகாமல் நின்றது.

"நெசமாவா?"

"நெசம்தானுங்க."

"மாரியாத்தா!" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "அதென்ன அரை? முழுசாக் கேட்டிருக்கலாமுல்ல?" என்றாள்.

"கயிறைக் குடுக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?"

"குடுங்க குடுங்க. அவரு மனசு மாறறதுக்குள்ள குடுங்க."

பொங்கியண்ணன் கயிற்றை அவிழ்த்து வலது கையால் நீட்டினார். மாதப்பா வலது கையால் வாங்கிக்கொண்டார். பாவாயி இரண்டு காளைகளின் நெற்றியையும் தடவிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லாரி கிளம்பியது. சந்தை கலைந்து, வைக்கோலும் சாணமும் மிதிபட்டுக் கிடந்தன.

சென்னியப்பன் வடக்கு மூலையைக் கைகாட்டினார். அங்கே ஒரு புங்கமரம்.

"அடுத்த வாரத்துலருந்து அந்த மரத்தடி உங்களுது. முளைக்குச்சி நீங்களே அடிச்சுக்குங்க."

பொங்கியண்ணன் மரத்தைப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு எட்டு நடந்தவர் நின்றார். பாவாயி சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தார்.

"ஐயா, இன்னும் ஒண்ணு கேக்கறனுங்க. அந்த அரையை விட்டுட்டேன். இந்த ரெண்டு விரலும் போகாம இருந்திருந்தா, முழுசா அஞ்சுக்கே வித்திருப்பனுங்களா?"

சென்னியப்பனின் நெற்றி நரம்பு ஒரு தடவை புடைத்து அடங்கியது.

"அஞ்சும் இருந்தப்ப, எவன் கையையாச்சும் நீங்களாப் போயிப் பிடிச்சிருக்கீங்களாங்கண்ணா?"